கொட்டை முளைக்கவைக்கும் கிட்: காரைக்குடி வெயிலுக்குத் தேறுமா?

இணையத்தில் நாலைந்து பெயர்களில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்குதான். ஒரு கண்ணாடிக் குவளை, அதன் வாயில் உட்காரும் நடுத்துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வில்லைகள், சின்னச் சின்ன சணல் தொட்டிகள், கட்டைவிரல் உயரப் புட்டியில் கடல்பாசி உரம், ஒரு கையேடு. தின்று போட்ட பழத்தின் கொட்டையிலிருந்து வீட்டுக்குள் வைக்கச் செடி வருமா என்றால், தாராளமாக வரும். ஆனால் இந்தப் பெட்டி குளிர் தேசத்துச் சன்னலோரத்தை மனதில் வைத்துக் கட்டியது. அங்கே சூடு போதாது என்பது கவலை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கவலையே வேறு.

முதலில் பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ. பெட்டியின் நாயகனே அதுதான். தட்டின் துளை சுமார் ஒன்றரை அங்குலம். சின்னக் கொட்டைக்கு அது கச்சிதம். கொடைக்கானல் மலையிலிருந்து நம் கடைகளுக்கு வரும் பெரிய பச்சைத் தோல் பழத்தின் கொட்டை பல சமயம் இரண்டு அங்குலத்தைத் தாண்டும். துளையில் இறங்காமல் மேலேயே நிற்கும், அடிப்பாகம் தண்ணீரைத் தொடாது. அதற்கு மூன்று விளக்குமாற்று ஈர்க்குகளே போதும். கொட்டையின் இடுப்பில் சற்றுச் சாய்வாகக் குத்தி, அகன்ற தட்டையான பக்கம் கீழே வரும்படி நிறுத்தி, அடியில் ஒரு அங்குலம் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் சரி. கூம்பான முனை மேலே இருக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் காத்திருந்ததுதான் மிச்சம். நான்கு முதல் எட்டு வாரத்தில் கொட்டை இரண்டாகப் பிளந்து, நடுவில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். தண்டு அரையடி உயர்ந்ததும் பாதியாகக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பிரியும். கிள்ள மனம் வராதவர்கள் வீட்டில் அது ஒட்டடைக்கம்பு மாதிரி ஒற்றையாக வளர்ந்து நிற்கும்.

கையேடு குவளையை நல்ல வெயில் படும் சன்னலில் வைக்கச் சொல்கிறது. சித்திரையில் அப்படி வைத்தால் தண்ணீர் கைபொறுக்காத சூட்டுக்குப் போய், வேர் பழுப்பாகிக் குழைந்துவிடும். நடுவில் முற்றம் வைத்த வளவு வீடாக இருந்தால் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம் சரியான இடம். வெளிச்சம் உண்டு, நேர்வெயில் இல்லை. தொடங்க ஐப்பசி முதல் தை வரை நல்ல காலம். தண்ணீரும் முக்கியம். பட்டர் ஃப்ரூட்டுக்கு உப்பு ஆகவே ஆகாது, குறிப்பாகக் குளோரைடு. உப்பான போர் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகி, ஓரம் வழியாகத் தீ ஓடின மாதிரி காயும். முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் விட்டுப்போகாத வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கையேடு சொல்லாத இன்னொன்று கொசு. தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றினால் போதும் என்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நம் வெப்பத்தில் ஏழெட்டு நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, குவளையின் உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஒட்டியிருப்பது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில்.

ஆப்பிள், செர்ரி விதைக்கென்று கையேட்டில் தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆப்பிள் விதை ஈரத்தோடு ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் குளிர்பட்டால்தான் உறக்கம் கலையும். அப்படி முளைத்ததும் நம் பங்குனி வெயிலைத் தாங்குவது கடினம். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடலாம்.

பெட்டியில் உண்மையிலேயே உருப்படியானது கோகோபீட் வில்லை. அதுவும் எலுமிச்சை, சாத்துக்குடி விதைக்கு. விதையைக் காயவிடவே கூடாது, காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். வழவழப்புப் போகக் கழுவி, மேல்தோலை நகத்தால் கீறி உரித்து, வில்லையில் அரை அங்குல ஆழத்தில் வையுங்கள். தோல் உரித்தது பத்து நாளை ஒட்டி முளைக்கும். உரிக்காதது மூன்று வாரம் எடுக்கும். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வந்தால் மிரள வேண்டாம், இந்த இனத்தின் சுபாவம் அது. அகலமான சட்டியில் பதினைந்து இருபது கன்றாக நெருக்கி நட்டால் இலையைத் தொடும்போதெல்லாம் மணக்கும். காய்க்கும் என்று மட்டும் வீட்டுக்குள் எதிர்பார்க்காதீர்கள். முற்றம் திறந்திருக்கும் வீட்டில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி தேடி வந்து முட்டையிடும். இலைமேல் குருவி எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடப்பதை உற்றுப் பாருங்கள், அது புழு. கையால் எடுத்துப்போட்டால் போதும், மருந்து வேண்டாம்.

பேரீச்சை பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. செட்டிநாட்டு வெக்கைக்கு அதைவிடப் பொருத்தமான செடி இந்த வகையில் கிடையாது. கொட்டையை இரண்டு நாள் ஊறவைத்து, தினம் தண்ணீர் மாற்றி, ஈரக் கோகோபீட்டோடு பால் கவரில் கட்டி வையுங்கள். முதலில் வெள்ளைக் குழல் ஒன்று கீழ்நோக்கி நீளும். குருத்து பிறகு அதிலிருந்துதான் கிளம்பும். ஆகவே ஒரு அடி ஆழத் தொட்டி தேவை. பெட்டியிலுள்ள சணல் தொட்டி மூன்று அங்குலம்தான். பலாக்கொட்டைக்கும் அதே ஆழம் வேண்டும். செட்டிநாட்டு மண்டி சமைக்கப் போட்டது போக மிச்சமிருந்தால், உலர்வதற்குள் படுக்கைவாட்டில் ஊன்றிவிடுங்கள்.

தொட்டி மண்ணுக்கு நம் செம்மண்ணை மட்டும் நம்பினால் காய்ந்ததும் கட்டாந்தரையாக இறுகும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம், இரண்டுமுறை கழுவிய கோகோபீட் ஆகியவற்றைச் சம பங்காகக் கலக்கலாம்.

கடல்பாசி உரம் ஆரம்பத்தில் தேவையே இல்லை. கொட்டைக்குள் இருக்கும் சத்தே முதல் சில இலை வரை போதும். குவளைத் தண்ணீரில் ஊற்றினால் பாசி பிடித்து நாறும். சணல் தொட்டி அடியில் கசியும். ஆத்தங்குடித் தளம் சிமெண்ட் ஓடு என்பதால் கறை உள்ளே இறங்கி வட்டம் விழும், பிறகு துடைத்தாலும் போகாது. கீழே பீங்கான் தட்டு கட்டாயம்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். காசு கொடுத்து வாங்க வேண்டாம். கண்ணாடிக் குவளை அழகுக்கு வேண்டும் என்றால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய ஜாடிகளைத் தேடிப் பாருங்கள், வாய் குறுகலானதாக எடுத்தால் தட்டும் ஈர்க்கும் இல்லாமலே கொட்டை நிற்கும். யாராவது பரிசாகக் கொடுத்துப் பெட்டி வீட்டில் கிடந்தால், வில்லையை எலுமிச்சைக்கும், உரத்தை மூன்று மாதம் கழித்து லிட்டருக்கு இரண்டு மில்லி வீதம் தொட்டிச் செடிகளுக்கும் வையுங்கள். ஆடு மாடு வளர்க்கும் வீட்டில் கிள்ளிய பட்டர் ஃப்ரூட் இலையைக் கொல்லையில் வீசாதீர்கள், அவற்றுக்கு அது விஷம்.