இரும்புச் சாமான்களுக்கு வீட்டிலேயே பூச்சு: குளிர் கருப்பு, பிளாக்கோடைசிங், பாஸ்பேட்டிங்

வைஸ் தாடை, கிளாம்ப், டீ-நட் மாதிரியான மைல்டு ஸ்டீல் சாமான்களைக் கடைந்து அப்படியே வைத்தால், கடற்கரை ஊரில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இவற்றுக்குக் கொடுக்கக்கூடிய ரசாயனப் பூச்சுகள் மூன்று. என் பட்டறையில் நிலைத்தது மாங்கனீசு பாஸ்பேட்டிங். காரணம், அது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் விதம்.

குளிர் கருப்பு சுலபம்: பஞ்சில் தொட்டுத் தடவினால் ஒரு நிமிடத்தில் கருக்கும். ஆனால் படிவது காப்பர் செலினைடு என்ற மெல்லிய படலம். எண்ணெய் போட்டுத் துடைக்கும்போதே துணியில் கருப்பு ஒட்டும். கை படும் இடம் சீக்கிரம் வெளுத்துவிடும். கீறலை மறைக்க மட்டும் ஒரு சின்ன பாட்டில் இருக்கட்டும். செலீனியம் விஷம், கையுறை கட்டாயம்.

பிளாக்கோடைசிங்கின் அழகு வேறு எதிலும் வராது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசல் சுமார் 140 டிகிரியில் கொதிக்கும்போது, இரும்பின் மேல்தோலே மேக்னடைட்டாக (கருப்பு இரும்பு ஆக்சைடு) மாறும். தடிமன் ஒரு மைக்ரான் அளவுதான் என்பதால் அளவு மாறாது. சிக்கல் தொட்டியில் இருக்கிறது. நீர் ஆவியாக ஆவியாகக் கொதிநிலை ஏறும், நீரைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் விழும் நீர் சட்டென்று ஆவியாகி, காஸ்டிக்கை முகத்தில் வாரி அடிக்கும். வீட்டில் வேண்டாம், முலாம் பட்டறையில் ஜாப் ஒர்க்குக்குக் கொடுங்கள்.

இனி பாஸ்பேட்டிங். இங்கிலாந்தில் காஸ்லெட் 1906-இல் காப்புரிமை வாங்கிய பழைய முறையின் வாரிசு இது. பூச்சு பளபளக்காது, கருஞ்சாம்பல் நிறத்தில், நகத்தால் வருடினால் நெருநெருவென்று இருக்கும். அந்த நெருநெருப்பு நுண்ணிய படிகங்கள். அவற்றின் இடுக்குகளில் எண்ணெய் ஊறி நிற்கும். பூச்சு மட்டும் துருவைத் தடுத்துவிடாது. எண்ணெய் போடாமல் விட்டால் அதுவும் துருப்பிடிக்கும். மழமழப்பான பரப்பில் எண்ணெய் வழிந்து போகும், இதில் தங்கும். சில மாதம் கழித்து வறண்டு தெரிந்தால் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும். குளிர் கருப்பு தேய்ந்தால் மறுபடி கிரீஸ் நீக்கி, தேய்த்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வருடக்கணக்கில் பார்த்தால் பராமரிப்பு வேலையின் வித்தியாசம் இதுதான்.

மினுக்கிய பரப்பில் பூச்சு திட்டுத்திட்டாகப் பிடிக்கும். சாண்ட் பிளாஸ்ட் வசதி இல்லையென்றால் 180-ஆம் நம்பர் உப்புத்தாளால் எல்லாப் பக்கமும் மங்கலாக்குங்கள். பிறகு சலவை சோடா கரைத்த வெந்நீரில் கழுவுங்கள். தண்ணீர் விட்டால் படலமாகப் பரவ வேண்டும். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. இதற்குப் பின் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் ரேகை அப்படியே பூச்சில் தெரியும்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும்; அலுமினியம் என்றால் கரைந்து கரைசலையே கெடுத்துவிடும். அந்தப் பாத்திரம் அதன்பின் சமையலறைக்குத் திரும்பக்கூடாது. மாங்கனீசு பாஸ்பேட் கான்சன்ட்ரேட்டை (ஆசிட் கலந்த அடர் கரைசல்) லேபிளில் உள்ள விகிதத்தில், போர் தண்ணீரில் அல்லாமல் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். எப்போதும் நீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும். புதுக் கரைசலில் இரும்பு இருக்காது, பூச்சு வெளிறும். நெல்லிக்காய் அளவு ஸ்டீல் வூலைச் சூடான கரைசலில் முதலில் கரைய விடுங்கள்.

வெப்பம் 88 முதல் 95 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள்: குறைந்தால் பிடிக்காது, கொதிக்க விட்டால் கசடு இறங்கிச் சாமான் மேல் வெள்ளைப் பொடியாக ஒட்டும். சாமானைச் சாதாரணக் கட்டுக்கம்பியில் தொங்கவிடுங்கள்; ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பி வேண்டாம், அதன் துத்தநாகம் கரைசலில் கலந்துவிடும். முக்கியதும் பொங்கி வரும் குமிழ்கள் ஹைட்ரஜன். அதனால் திறந்த வெளியில், மின்சார அடுப்பில் செய்யுங்கள். 10 முதல் 20 நிமிடத்தில் குமிழ் அடங்கும்; அப்போது எடுத்துவிடலாம்.

எடுத்தவுடன் வெந்நீரில் அலசி, சோடா உப்பு கரைத்த நீரில் ஒரு முக்கு, மறுபடி வெந்நீர். சாமான் சுடச்சுட இருக்கும்போதே எஞ்சின் ஆயிலில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். ஆறவிட்டால் இடுக்கில் தங்கிய ஈரத்திலேயே செந்துரு கிளம்பும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், காறிப்போகும்.

பூச்சு சில மைக்ரான் ஏறுவதால் நெருக்கமான மரை இறுகும். கேஜ் (அளவு பார்க்கும் கருவி), துல்லியமாகப் பொருந்தும் பாகங்களுக்கு பிளாக்கோடைசிங்தான் சரி. ஸ்பிரிங், கடினப்படுத்திய பாகங்களை வீட்டுத் தொட்டியில் போடாதீர்கள்: ஹைட்ரஜன் உள்ளே புகுந்து நொறுங்க வைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பாஸ்பேட் பிடிக்கவே பிடிக்காது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் கேட்டுக்கு இந்த மூன்றுமே போதாது, பெயின்ட்தான்.