"லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்று சொன்னால் நம்பி மரம் வெட்ட விடாதீர்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில், கம்பியை ஒட்டி நின்ற இரண்டு தென்னைகளை வெட்ட மரம் வெட்டுகிறவர்கள் 14,000 ரூபாய் பேசினார்கள். வெட்டும் நாள் காலை "ஈபிக்குக் கொடுக்கணும்" என்று தனியாக 2,000 வாங்கினார்கள். ரசீது இல்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டில் ஃபேன் நின்றது. "அண்ணா, லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்றார்கள்.

ஈபியில் யாருக்கும் தெரியாது. டிரான்ஸ்பார்மரில் மூன்று பேஸ்களில் (கரண்ட் வரும் கம்பிகளில்) அந்த வீட்டுக்கு வரும் ஒரு பேஸின் ஃபியூஸை மட்டும் அவர்களே பிடுங்கியிருந்தார்கள். மற்ற இரண்டு பேஸிலும் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. கயிறு கட்டாமல் வெட்டிய கொண்டை விழுந்து, எல்லா பேஸுக்கும் பொதுவான, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி அறுந்தது. நியூட்ரல் போனால், மீதமுள்ள இரண்டு பேஸ் வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். லோடு குறைவாக ஓடும் பக்கத்துக்கு 230க்குப் பதில் 300க்கு மேல்கூட ஏறும். மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்து வீடுகளில் டிவியும் ஃபிரிட்ஜும் புகைந்தது அதனால்தான். வெட்டியவர்கள் மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், போன் எடுப்பதில்லை.

ஃபேன் நிற்பது அத்தாட்சி ஆகாது. ஈபி பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) நாளும் நேரமும் குறித்துத் தருவார். எல்டி லைன் (டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பி) என்றால் மூன்று ஃபியூஸும் எடுக்கப்பட வேண்டும். ஹெச்டி (டிரான்ஸ்பார்மருக்கு வரும் உயரழுத்தக் கம்பி) என்றால் கம்பத்தில் இருக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட வேண்டும். பிறகு கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டுவார்கள். அந்த ராடு உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் ஆஃப் செய்த கம்பியிலும் கரண்ட் திரும்பி வரும். அப்போது காப்பாற்றுவது எர்த் மட்டும்தான். தெருவிளக்குக் கம்பியையும் மறக்காமல் கேளுங்கள், அது வேறு டிரான்ஸ்பார்மரிலிருந்து வந்திருக்கலாம்.

பாலக்கோடு, பென்னாகரம் தோட்டங்களில் இன்னொரு பேச்சு உண்டு: "த்ரீ பேஸ் இல்ல, மோட்டார் ஓடல, இப்பவே வெட்டிடலாம்." மோட்டார் ஓடாத நேரத்திலும் வீட்டு விளக்குக்காக மற்ற பேஸ்களில் கரண்ட் இருக்கும். கிளை பட்டு டிரிப் ஆன (தானாக ஆஃப் ஆன) ஹெச்டி லைனையும் நம்பக்கூடாது. சப்ஸ்டேஷனில் மறுபடி சப்ளை கொடுத்துப் பார்ப்பார்கள்.

வெட்டுவதிலும் கவனம் வேண்டும். மரத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் கம்பி இருந்தால் மரத்தை அடியோடு சாய்க்கக் கூடாது. மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்க வேண்டும். புளியங்கிளையை முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்து, பிறகு மேலே அறுத்தால் பட்டை உரிந்து ஊஞ்சலாடி கம்பிப் பக்கம் வராது. அலுமினிய ஏணி, இரும்புத் தொரட்டி வேண்டவே வேண்டாம். பச்சை மூங்கிலும் ஈர மட்டையும் கரண்ட்டைக் கடத்தும்.

கம்பி அறுந்து விழுந்தால் பத்து மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு பாதத்தையும் சேர்த்து, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடியே நகருங்கள். ஈபி புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

ஈபிக்குக் கட்டும் எந்தப் பணத்துக்கும் ரசீது உண்டு. அதை நீங்களே நேரில் கட்டுங்கள். வெட்டுகிறவருக்கு முழுக் கூலியையும், லைன்மேன் எர்த் ராடைக் கழற்றி, சப்ளை கொடுத்து, பக்கத்து வீடுகளிலும் வோல்டேஜ் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே கொடுங்கள்.