டிவி ஷூட்டிங்குக்குப் போகும் கானா தம்பிகளே, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீங்க

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் கச்சேரி பண்ணும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். பொங்கல் நிகழ்ச்சிக்கு என்று ஒரு கோ-ஆர்டினேட்டர் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். 12,000 ரூபாய், வண்டி, சாப்பாடு, எல்லாம் போனிலேயே பேச்சு. டிவி என்றதும் வீட்டில் அவ்வளவு சந்தோஷம், எழுதிக் கொடுங்க என்று கேட்கத் தோன்றவில்லை.

வண்டி வரவில்லை. சாமானை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி தாண்டிப் போனோம். காலை 7 மணிக்கு வரச் சொல்லிவிட்டு மேடை ஏற்றியது ராத்திரி 11 மணிக்கு, அதுவரை ஜெனரேட்டர் பக்கத்துப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தோம், ஆறு பேருக்கு மூன்று பொட்டலம் சாப்பாடு. மைக் எதிலும் ஒயர் இல்லை. முன்னாடியே பதிவு பண்ணிய டிராக்கை ஓட்டி வாயசைக்கச் சொன்னார்கள். சத்தம் வரக்கூடாது என்று தபேலா மேல் ஒரு பையன் டேப்பை ஒட்டினான், பிய்க்கும்போது நடுவில் இருந்த கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உரிந்து வந்தது. முப்பது வருஷமா வாசிக்கும் அண்ணன் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைக்கூடப் பொறுத்துக்கலாம். ராத்திரி 1 மணிக்கு இங்கிலீஷில் நாலு பக்கம் நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் காசு என்றார்கள். போட்டோம். கிடைத்தது 3,000, மீதியைக் கேட்டால் இன்றுவரை போனை எடுப்பதில்லை. அப்புறம், எங்கள் தம்பி ஒருவன் காசிமேட்டைப் பற்றி எழுதிய பாட்டை அவனே தன் யூடியூபில் போட்டான், காப்பிரைட் என்று தூக்கிவிட்டார்கள். அவன் எழுதியது, அவன் மெட்டு!

பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் காட்டினோம். 1957 காப்பிரைட் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்தால் எந்தப் பாட்டு, எவ்வளவு பணம், எத்தனை வருஷம், எந்த ஊருக்கு என்று அதில் இருக்க வேண்டும். வருஷம் போடாவிட்டால் 5 வருஷம்தான், இடம் போடாவிட்டால் இந்தியா மட்டும்தான். எங்கள் பேப்பரில் பாட்டின் உரிமை 'நிரந்தரமாக, உலகம் முழுக்க' அவர்களுக்கே என்று இருந்திருக்கிறது. பாட்டைக் கொடுத்துவிட்டாலும் எழுதியவன் பெயர் போடச் சொல்லிக் கேட்க 57-ஆம் பிரிவில் உரிமை உண்டாம், அதற்குத்தான் இப்போது நோட்டீஸ் அனுப்பப் போகிறோம்.

பணம், நேரம், வண்டி எல்லாவற்றையும் முதலிலேயே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்க. பேப்பரை முந்தின நாளே கேளுங்க. யாருக்காவது வந்திருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அதே வக்கீலிடம் காட்டிச் சொல்கிறேன்.