முட்டையில்லாத மட்சா உருண்டை, மீனில்லாத லாக்ஸ்: எந்த மாற்று தேறுகிறது?

1888-இல் தோன்றிய கேட்ஸ் டெலிகடெசன் உணவகமும் 1914-இல் தோன்றிய ரஸ் அண்ட் டாட்டர்ஸ் கடையும் இன்று நியூயார்க்கின் ஈஸ்ட் ஹூஸ்டன் தெருவில் சில நிமிட நடைத் தூரத்தில் இருக்கின்றன. முன்னதில் மசாலா பூசிப் பதப்படுத்திய மாட்டிறைச்சியான பாஸ்ட்ராமி, பின்னதில் உப்பிட்ட மீனும் புகையிட்ட மீனும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் வீட்டுச் சாப்பாடு, ஒரு மாநகரமே ஆசையோடு தேடும் சாப்பாடாக மாறிய பகுதி இது. இந்தப் பண்டங்களை விலங்குப் பொருள் எதுவும் சேராத வீகனாகச் செய்யலாமா என்று கேட்பவர்கள் முதலில் இறைச்சியை நினைத்தும் பாலை நினைத்தும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் ஆளைச் சோதிப்பது முட்டைதான்.

காரணம் கோஷர் எனப்படும் யூத உணவு விதிகளில் இருக்கிறது. இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்க்கக் கூடாது. இரண்டிலும் சேராத பொதுவான பொருள்களுக்குப் பரேவ் என்று பெயர். கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு வேண்டுமென்றால் அது பாலில்லாமல் இருக்க வேண்டும். கறி பரிமாறாத பால் உணவகத்தில் ஈரல் விழுது வேண்டுமென்றால் அது ஈரலில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே மாற்றுப் பொருள் தேடுவது யூதச் சமையலறையின் பழைய வேலை. நியூயார்க்கில் கோஷர் உணவகம் நடத்திய டேவிட் மின்ட்ஸ், கறி சாப்பிட்ட வாடிக்கையாளர்களுக்கும் ஐஸ்கிரீம் கொடுக்க வழி தேடித்தான் சோயா பாலிலிருந்து செய்யும் டோஃபுவைக் கையிலெடுத்தார். டோஃபுட்டி என்ற பாலில்லாத ஐஸ்கிரீம் பிறந்தது அப்படித்தான். ஆனால் முட்டையும் மீனும் பரேவ். பால் சாப்பாட்டிலும் கறிச் சாப்பாட்டிலும் பரிமாறலாம் என்பதால் அவற்றுக்கு மாற்றுத் தேட வேண்டிய அவசியம் குறைவாகவே இருந்தது. வீகன் சமையல்காரருக்குப் புது வேலை தொடங்குவது இங்கேதான்.

மட்சா உருண்டையை எடுத்துக்கொள்வோம். பஸ்கா பண்டிகையின் புளிப்பில்லாத அப்பமான மட்சாவைப் பொடித்து, முட்டையும் கோழிக் கொழுப்பும் சேர்த்து உருட்டி, கோழிச் சூப்பில் மிதக்க விடுவார்கள். ஒரு கோப்பைப் பொடிக்கு நான்கு முட்டை என்பது வழக்கமான கணக்கு. முட்டை இரண்டு வேலை செய்கிறது: பொடியைப் பிடித்து வைக்கிறது, உருண்டையை உப்பச் செய்கிறது. இரண்டையும் ஒருசேரச் செய்யும் மாற்று கிடையாது. போட்டி மூன்றுக்கு இடையில்.

முதலாவது, கொண்டைக்கடலை வேகவைத்த நீர். பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் 2014-இல் இது முட்டை வெண்கரு போல நுரைக்கும் என்று காட்டினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இதற்கு அக்வாஃபாபா என்ற பெயர் வந்துவிட்டது. ஒரு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி. நுரை வரும்வரை அடித்துப் பொடியில் கலந்தால் உருண்டை பஞ்சாக வரும். ஆனால் கொதிநீரில் போட்டதும் ஓரங்கள் கரையத் தொடங்கும். சற்று அசந்தால் பானையில் கஞ்சிதான் மிஞ்சும். ஆவியில் வேகவைத்தால் பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது, அரைத்த ஆளி விதை. பிடிமானம் உண்டு, கூடவே வழவழப்பும், தெளிந்த சூப்பில் பளிச்சென்று தெரியும் பழுப்புப் புள்ளிகளும் உண்டு. மூன்றாவது, மசித்த உருளைக்கிழங்கோடு உருளைக்கிழங்கு ஸ்டார்ச். இது மிதக்காது, அடியில் உட்காரும். அதனால் குறைவில்லை, மிதக்கும் உருண்டையா மூழ்கும் உருண்டையா என்று அஷ்கெனாசி எனப்படும் கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்களின் வீடுகளில் தலைமுறைகளாகச் சண்டை நடக்கிறது, மூழ்குவதற்கும் ரசிகர்கள் ஏராளம்.

என் தேர்வு உருளைக்கிழங்கு. சுவைக்கு அப்பாலும் ஒரு நியாயம் இருக்கிறது. பஸ்கா நாள்களில் பருப்பு, பயறு வகைகளைத் தவிர்ப்பது அஷ்கெனாசி வழக்கம். யூத மதத்தின் கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2015-இல் அவற்றை அனுமதித்தது என்றாலும், மரபை இறுகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் அஷ்கெனாசி வீடுகளில் தடை அப்படியே நிற்கிறது. பண்டிகைப் பந்தியில் வைக்க முடியாத பண்டிகைப் பண்டத்தால் யாருக்கு என்ன பயன்? கொண்டைக்கடலை நீர் அங்கே தோற்றுவிடுகிறது; உருளைக்கிழங்கு ஜெயிக்கிறது. மாவை இரண்டு மணி நேரம் குளிரவைத்து, கை ஈரத்தோடு உருட்டி, தளதளவென்று கொதிக்காமல் மெல்லச் சலசலக்கும் உப்பு நீரில் தனியாக வேகவைக்க வேண்டும். பரிமாறும்போதுதான் சூப்பில் போட வேண்டும்.

அந்தச் சூப்புக்கு மாற்று தேடிப் பொடி டப்பாக்களிடம் போக வேண்டாம். வெங்காயத்தைத் தோலோடு போட்டால் பொன்னிறம் வந்துவிடும். கேரட், செலரி, பார்ஸ்னிப், உலர்ந்த காளான், கடைசியில் ஒரு கைப்பிடி சதகுப்பைக் கீரை. வெங்காயத்தைக் கரும்பழுப்பாக வதக்கி வடித்த எண்ணெயை ஒரு கரண்டி மேலே ஊற்றினால், கோழிக் கொழுப்பு விடுகிற அதே பொன் வட்டங்கள் மிதக்கும். வாயில் சூப்புக்குக் கனம் தருவது அந்த எண்ணெய்தான்.

அடுத்தது லாக்ஸ், வளைய ரொட்டியான பேகலில் வைத்துத் தின்னும் உப்பிட்ட மீன். கேரட்டுக்கும் தக்காளிக்கும் போட்டி. தோலுரித்து விதை நீக்கிய தக்காளியில் சுவையைக் கூட்டும் குளுட்டமேட் இயல்பாகவே அதிகம்; சுவையில் ஆழம் இருக்கிறது. ஆனால் நீர் விடும். பத்து நிமிடத்தில் பேகல் ஊறிப் போய்விடும். கேரட்டில் நீர்ப் பிரச்சினை இல்லை, இனிப்புப் பிரச்சினை இருக்கிறது. அதைத் தீர்க்கத் தெரிந்தால் கேரட்டே மேல். முழு கேரட்டைக் கல்லுப்பில் புதைத்து, ஓவனில் மெத்தென்று ஆகும்வரை சுட வேண்டும். ஆறியதும் தோலை வழித்து, நீளவாக்கில் கத்தியால் மெல்லிய தகடுகளாக அரிந்தால், விரலில் தொங்கவிடும்போது மீன் போலவே துவளும். பச்சையாகச் சீவி ஆவி காட்டினால் இந்தத் துவளல் வராது. பிறகு எண்ணெய், வினிகர், பொடித்த நோரி கடற்பாசி சேர்த்துக் குறைந்தது ஒரு முழு நாளாவது ஊற வேண்டும்.

புகை மணம் தரும் திரவமான லிக்விட் ஸ்மோக்கைப் பலர் அளவில்லாமல் ஊற்றுகிறார்கள். அசல் லாக்ஸ் புகையிட்ட மீனே அல்ல. உப்பில் பதப்படுத்திய சால்மன் மீனின் வயிற்றுப் பகுதி. புகையிட்டது நோவா எனப்படும் வகை. ஆகவே லாக்ஸ் வேண்டுமென்றால் உப்பை நம்புங்கள். நோவா வேண்டுமென்றால் இரண்டு சொட்டுப் புகை போதும். மேலே தடவும் கிரீம் சீஸுக்கு, புளிக்கவைத்த முந்திரி விழுதைவிட டோஃபு விழுதில் எலுமிச்சை பிழிந்ததே எனக்குப் பிடிக்கிறது. முந்திரி கேரட்டின் இனிப்போடு கைகோத்துக்கொள்கிறது. டோஃபு அதை அடக்குகிறது. பேகலைப் பற்றிக் கவலையில்லை. மாவு, நீர், உப்பு, ஈஸ்ட், மால்ட் என்று வழக்கமான நீர் பேகல் பிறப்பிலேயே வீகன்; முட்டை பேகலையும் தேன் சேர்த்ததையும் மட்டும் தவிர்த்தால் சரி.

பாஸ்ட்ராமியில் எனக்குத் தயக்கமே இல்லை. பீட்ரூட் நிறம் தரும், இறைச்சியைக் கடிக்கும் உணர்வைத் தராது. காளான் சுருங்கிப் போகும். பலாக்காய் நார் நாராக உதிரும். பிய்த்த பிரிஸ்கெட்டுக்கு, அதாவது மாட்டின் மார்புக் கறிக்கு, அது பொருத்தம், தகடாக அரிய வேண்டிய பாஸ்ட்ராமிக்கு அல்ல. சீட்டான் எனப்படும் கோதுமைப் பசையம்தான் நிற்கிறது. அதைக் கொதிக்கவிட்டால் பஞ்சு போல உப்பிவிடும்; துணியில் இறுகச் சுற்றி ஆவியில் வேகவைத்து, ஓரிரவு குளிரவைத்து அரிய வேண்டும். பாஸ்ட்ராமியின் சுவையில் பாதி அதன் மேலோட்டில் இருக்கிறது: கரகரப்பாக இடித்த மல்லியும் மிளகும். பொடியாக அரைத்தால் கெட்டது. பரிமாறும் முன் மறுபடி ஆவி காட்டி, ரை ரொட்டியில் கடுகு விழுதோடு அடுக்க வேண்டும். மட்சா அல்லாத கோதுமை என்பதால் பஸ்காவுக்கு மட்டும் இது ஆகாது.

மற்றவை சுலபம். ஈரல் விழுதுக்கு வால்நட்டும் பொறுமையாக வதக்கிய வெங்காயமும் அடிப்படை. சாதாரண நாளில் மசூர் பருப்பு, பஸ்காவில் காளான். பழைய பால் உணவக முறையில் சேர்க்கும் அவித்த முட்டையை விட்டுவிடலாம், குறை தெரியாது. உருளைக்கிழங்கு அடையான லாட்கேவுக்குச் சோள மாவு, ஆளி விதை எதுவும் வாங்க வேண்டாம். துருவிய உருளைக்கிழங்கைப் பிழிந்த நீரைக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு மேல்நீரைக் கொட்டினால், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் ஸ்டார்ச்சே போதிய பசை. ஓய்வுநாளுக்குச் சுடும் ஹாலா ரொட்டியில் மரபுப்படியே பால் கிடையாது, முட்டை மட்டும்தான். முட்டையே சேர்க்காத வாட்டர் ஹாலாவும் யூத பேக்கரிகளில் உண்டு. அதை வாங்குவதற்கு முன் மேல்பூச்சு முட்டையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் சுட்டால் சோயா பாலில் கொஞ்சம் மேப்பிள் சிரப் கலந்து பூசுங்கள். கொண்டைக்கடலை நீரைவிட நிறம் நன்றாக ஏறுகிறது.