கெஸ்ட் வைஃபை: நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவருபவை

ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கை (விருந்தினருக்கான தனி வைஃபை) ஆன் செய்வது ஐந்து நிமிட வேலை. பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்து (சரியான முகவரி பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) உள்ளே போய், வயர்லெஸ் பகுதியில் கெஸ்ட்டை இயக்கிப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் ஓடுவது வேறு, வீட்டு நெட்வொர்க்கிலிருந்து பிரிந்திருப்பது வேறு.

பல ரவுட்டர்களில் இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும்: கெஸ்ட்டில் இருப்பவர் வீட்டு நெட்வொர்க்கை அணுகலாமா, கெஸ்ட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கலாமா. முதலாவது கட்டாயம் ஆஃபில் இருக்க வேண்டும். டிக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிரிண்டரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குக் கிடைத்த எண்) முதலில் மெயின் வைஃபையிலிருந்து திறந்து பாருங்கள். பிறகு போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, கெஸ்ட்டுக்கு மாறி, அதே முகவரியையும் ரவுட்டரின் அட்மின் பக்கத்தையும் தட்டுங்கள். இரண்டும் திறக்கக் கூடாது.

திறந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆக்சஸ் பாயிண்ட் மோடை, அதாவது உங்கள் ரவுட்டர் இன்னொரு ரவுட்டருக்குப் பின்னால் வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக மட்டும் ஓடுவதை. அந்த மோடில் ஐபி கொடுப்பதும் போக்குவரத்தைப் பிரிப்பதும் முன்னால் இருக்கும் பெட்டியின் (இணைய இணைப்பு நேராக வந்து சேரும் ரவுட்டரின்) பொறுப்பு. அதனால் பல மாடல்களில் பெயர் மட்டும்தான் தனி, உள்ளே எல்லாம் ஒரே நெட்வொர்க். ரவுட்டர் மோடுக்கு மாற்றினாலும் ஓர் ஓட்டை இருக்கும்: முன் பெட்டியில் நேரடியாக இணைத்த சாதனங்களை கெஸ்ட்டிலிருந்து எட்டிவிட முடியும். முன் பெட்டியிலேயே கெஸ்ட் வசதி இருந்தால் அங்கே உருவாக்குவதே தலைவலி இல்லாத வழி.

பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 (வைஃபையைப் பூட்டும் பழைய, புதிய முறைகள்) இரண்டும் கலந்த மோடு போதும். டபிள்யூபிஏ3 மட்டும் வைத்தால் பழைய போன்கள் இணையாது. பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை போகலாம்; நான்கு சொற்களைச் சேர்த்து எழுதினால் சொல்லவும் எளிது, நீளமும் கிடைக்கும்.

ஸ்மார்ட் பிளக், கேமரா போன்றவற்றை கெஸ்ட்டில் போடலாமா? இணையம் வழியாக மட்டுமே இயங்குபவை என்றால் தாராளமாகப் போடலாம். பல பிளக்குகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில்தான் இணையும் என்பதால் அந்த அலைவரிசையிலும் கெஸ்ட் ஓட வேண்டும். போனிலிருந்து படம் அனுப்பும் டிவியும் பிரிண்டரும் மெயினிலேயே இருக்கட்டும். பிரித்துவிட்டால் போன் அவற்றைக் கண்டுபிடிக்காது. நாள்பட்ட பயன்பாட்டில் பெரிய எரிச்சல் வேறு: வந்துபோனவர்களுக்காக கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லா பிளக்கையும் மறுபடி இணைக்க வேண்டும். ரவுட்டர் மூன்றாவது நெட்வொர்க் அனுமதித்தால் சாதனங்களை அங்கே தள்ளிவிடுங்கள். அதற்காக ஐந்தாறு பெயர்கள் வேண்டாம். ஒவ்வொரு பெயரும் நொடிக்குச் சுமார் பத்து முறை தன்னை அறிவித்துக்கொண்டே இருக்கும், நெரிசலான 2.4-இல் அதுவே நேரத்தைத் தின்னும்.

கெஸ்ட்டுக்கு வேக வரம்பு வைப்பது நல்லதுதான். ஆனால் சில மாடல்களில் அதை ஆன் செய்தால் ஹார்ட்வேர் முடுக்கம் (டேட்டாவை வேகமாகக் கடத்த ரவுட்டர் சிப்பில் இருக்கும் வசதி) அணைந்து மெயின் வேகமும் குறையும். முன்னும் பின்னும் கேபிளில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் தெரிந்துவிடும்.

மேக் முகவரியை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) வைத்து ஒருவரைத் தடுக்கும் வசதியை மறந்துவிடலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் போலி மேக் முகவரியைக் காட்டுகின்றன. வெளியேற்ற ஒரே வழி பாஸ்வேர்டை மாற்றுவது. ரவுட்டரின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) அப்டேட் ஆன பிறகு அந்தப் பிரிண்டர் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.