கும்பகோணத்தில் ஒரு இசைத்தட்டுக் கடை

தவில் வாசிக்கிறவன் நான். கும்பகோணத்துப் பழைய இசைத்தட்டுக் கடையில் 'பிரெட்டி பாலி' என்ற அமெரிக்க நாட்டுப்பாடலின் இரண்டு பதிவுகள் மறுபதிப்பாகக் கிடைத்தன. கடைக்காரர் இரண்டையும் முழுதாகப் போட்டுக் காட்டினார். அந்தப் பொறுமைக்கே ஐந்து நட்சத்திரம் தருவேன்.

பாட்டின் வேர் 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கதைப்பாடல். காதலியைக் கொன்றவன் கப்பலேறுவான். அவள் ஆவி அங்கும் வந்து நிற்கும். அமெரிக்க மலைநாட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் ஆவி உதிர்ந்து, கொலை மட்டும் தங்கிவிட்டது. 1927-ல் டாக் பாக்ஸ் என்ற பாடகர் பாஞ்சோ என்னும் நரம்பு வாத்தியத்தை மீட்டிப் புலம்புவதுபோல் பாடுகிறார். 1950-ல் ஸ்டான்லி சகோதரர்கள் அதையே புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைவகைக் குழுவின் வேகத்தில் ஓடவிடுகிறார்கள். புளூகிராஸ் பாஞ்சோக்காரர்கள் கட்டைவிரலிலும் அடுத்த இரு விரல்களிலும் கவசம் மாட்டி மீட்டுவார்களாம். கேட்கும்போதே, தவில் வாசிக்கையில் விரல்களில் மாட்டும் கூடு இல்லாமலே என் வலக்கை விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

நம் நடவுப்பாட்டும் மேடையேறினால் கதை சுருங்கி வாத்தியம் நீளும். பல சமயம் சோகமும் போய்விடும். ஸ்டான்லி சகோதரர்களிடம் அது போகவில்லை, இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

விலை சற்று அதிகம்தான். ஆனால் உறை கிழிந்திருப்பதை முன்கூட்டியே சொல்லித்தான் விற்றார். நாட்டுப்பாடல் தட்டுகள் பின் அலமாரியில் இருக்கின்றன. கேட்டால்தான் எடுத்துத் தருவார்.