அரை என்றால் எதில் அரை? பிட்காயின் எடுக்கும்போது நான் இழந்த 50,000 சடோஷி

ஒரு சேவைத் தளத்திலிருந்து 800 பிட் எடுத்தேன். (பிட், சடோஷி இரண்டும் பிட்காயினின் சிறு அலகுகள்; ஒரு பிட் 100 சடோஷி.) வந்து சேர்ந்தது 300 பிட். நடுவில் போன 500 பிட், அதாவது 50,000 சடோஷி, ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாமல் விட்டதால் போனது. தவறி விட்டிருந்தார்கள் என்றால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. ஆதாரத்தோடு எடுத்துச் சொன்ன பிறகும் அந்த இடத்தை அவர்கள் அப்படியேதான் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்குக் கூலியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்த பிட்காயினை அந்தத் தளத்தில்தான் வைத்திருந்தேன். பல மாத வேலை சேர்ந்து 80,000 சடோஷி ஆகியிருந்தது. பெரிய தொகை இல்லைதான், ஆனால் ஒவ்வொரு சடோஷியும் உட்கார்ந்து வேலை பார்த்துச் சம்பாதித்தது. அதை என் சொந்த வாலட்டுக்கு, அதாவது பிட்காயினை நானே வைத்துக்கொள்ளும் செயலிக்கு, மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் எடுக்கும் பக்கத்தைத் திறந்தேன்.

இருப்பை எந்த அலகில் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அந்தத் தளத்தில் உண்டு. நான் பிட் என்று வைத்திருந்தேன். மேலே '800 பிட்' என்று இருந்தது. அதன் கீழே 'கட்டணம்: 0.5'. அவ்வளவுதான், பக்கத்தில் ஒன்றும் இல்லை. மேலே பிட் என்று இருந்தால் கீழே இருப்பதும் பிட் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அரை பிட் என்றால் 50 சடோஷி. குறைவாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. மற்றவர்களோடு சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக அனுப்புவார்களாக இருக்கும், அதனால் குறைகிறது என்று நினைத்து அழுத்திவிட்டேன்.

என் வாலட் தொகையை முழு பிட்காயினில் காட்டும். பணம் வந்ததும் 0.00030000 என்று காட்டியது. விரலை வைத்து சைபர்களை எண்ணினேன். கிட்டத்தட்ட 0.00080000 வந்திருக்க வேண்டும் என்பது மனதில் இருந்தாலும், இத்தனை சைபருக்கு நடுவில் 3 எது 8 எது என்றே ஒரு கணம் நம்பிக்கை வரவில்லை. வாலட்டை மூடித் திறந்தேன், இணைப்பை அணைத்துப் போட்டேன். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். இரண்டு திரைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, அரை அரை என்கிறாயே, எதில் அரை? கிலோவிலா, கிராமிலா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. 0.5 என்பது அரை பிட் இல்லை, அரை மில்லி பிட்காயின்.

புதிதாக வருபவர்களுக்காக இந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிட்காயினில் 10 கோடி சடோஷி. புள்ளிக்குப் பிறகு 8 இடம் வருவது அதனால்தான். ஒரு மில்லி பிட்காயின், அதாவது எம்பிடிசி, 1 லட்சம் சடோஷி. ஒரு மைக்ரோ பிட்காயின் 100 சடோஷி, இதைத்தான் பிட் என்கிறார்கள். எம்பிடிசிக்கும் பிட்டுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் 50 சடோஷி 50,000 ஆகிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

பெயர்களே போதுமான குழப்பம். பிட் என்றால் 100 சடோஷி என்று 2017இல் பிஐபி 176 என்ற முன்மொழிவில் எழுதி வைத்தார்கள் (பிஐபி என்பது பிட்காயினை மேம்படுத்த யாரும் முன்வைக்கும் எண்ணிட்ட முன்மொழிவு). ஆனாலும் பேச்சில் முழு பிட்காயினையே பிட் என்று சுருக்கிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிஐபி 177 என்ற பிந்தைய முன்மொழிவோ, இப்போது சடோஷி என்கிறோமே, அந்த மிகச் சிறிய அலகையே 'பிட்காயின்' என்று அழைக்கலாம் என்கிறது. புள்ளிக் கணக்கை ஒழிப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு வாலட் பழைய முறையிலும் இன்னொன்று புதிய முறையிலும் காட்டினால், ஒரே சொல்லுக்கு 10 கோடி மடங்கு வித்தியாசம் வந்துவிடும். மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்து விசைப்பலகையில் எளிதில் கிடைக்காது என்பதால் அதற்குப் பதில் ஆங்கில யு போடுவார்கள். சிறிய எழுத்துருவில் அந்த யுவும் மில்லியைக் குறிக்கும் எம்மும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும்.

சரி, அவர்களோடு நடந்த பேச்சுக்கு வருகிறேன். முதலில் எழுதியபோது, நெட்வொர்க்கில் நெரிசல், அதனால் கட்டணம் அதிகம் என்று பதில் வந்தது. பிட்காயினில் இந்தப் பதில் செல்லாது, ஏனென்றால் எந்தப் பரிவர்த்தனைக்கு எவ்வளவு கட்டணம் போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பரிவர்த்தனை எண்ணை எடுத்து ஒரு பிளாக் எக்ஸ்புளோரரில், அதாவது பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் இணையதளத்தில், போட்டேன். ஒரு உள்ளீடு, இரண்டு வெளியீடு. ஒன்று எனக்கு, இன்னொன்று மீதி அவர்களுக்கே. கூட்டாக அனுப்புவார்கள் என்று நான் நினைத்ததும் தவறு. கட்டணம் பரிவர்த்தனையின் தரவு அளவைப் பொறுத்தது. அளவு 141 மெய்நிகர் பைட், பைட்டுக்கு 3 சடோஷி வீதம், பரிவர்த்தனைகளைப் பதிவேற்றும் மைனர்களுக்குப் போன கட்டணம் 423 சடோஷி. என்னிடம் பிடித்தது 50,000. மீதி 49,577 சடோஷி அவர்களிடமே நின்றுவிட்டது.

இதை ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பியதும் நெரிசல் கதை போய்விட்டது. "எங்கள் தளத்தின் இயல்பு அலகு எம்பிடிசி. விதிமுறைகளில் குறிப்பிட்டுள்ளோம்" என்று இரண்டாவது பதில். தேடிப் பார்த்தேன், நீளமான விதிமுறைகளின் கடைசிப் பகுதியில் ஒரு வரி இருக்கத்தான் செய்கிறது. அப்படியென்றால் இருப்பை ஏன் பிட்டில் காட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அது பயனரின் காட்சி அமைப்பு மட்டும், கட்டணத்தை அது மாற்றாது என்றார்கள். அதாவது அலகை மாற்றினால் பக்கத்தின் ஒரு பாதி மாறும், மறு பாதி மாறாது, எந்தப் பாதி மாறவில்லை என்று எங்கும் சொல்ல மாட்டார்கள். பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். அந்த இடத்தில் 'எம்பிடிசி' என்றாவது எழுதுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

ஆரம்பத்தில் இதைக் கவனக்குறைவு என்றுதான் நினைத்தேன். இப்போது ஏமாற்று என்றே சொல்கிறேன். ஒரு சொல் சேர்க்க ஐந்து நிமிடம் ஆகாது. அதைச் சேர்க்காதவரை யாருக்கு லாபம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அனுப்பிய பிட்காயினைத் திரும்ப இழுக்க வழி இல்லை. வங்கியில் போல முறையிட்டு நிறுத்திவைக்கவும் முடியாது. அதனால் அழுத்துவதற்கு முன்னால் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. நான் இப்போது என் வாலட்டைச் சடோஷிக்கு மாற்றிவிட்டேன். புள்ளியே இல்லாத முழு எண்ணாகப் பார்க்கும்போது கண் ஏமாறுவதில்லை. எந்தத் தளமாக இருந்தாலும் தொகை, கட்டணம் இரண்டையும் சடோஷியாகத் தாளில் எழுதிக் கழிக்கிறேன். 'உங்களுக்குக் கிடைக்கும் தொகை' என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த வரி இல்லாத பக்கத்தில் இனி எதையும் அழுத்துவதாக இல்லை. அப்புறம், முழுவதையும் எடுப்பதற்கு முன் சிறு தொகையை முயன்று பார்ப்பது. நான் முதலில் 100 பிட் மட்டும் கேட்டிருந்தால், கட்டணமே அதைப்போல ஐந்து மடங்கு. பரிவர்த்தனை நடந்தே இருக்காது, விஷயம் அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

லைட்னிங், அதாவது பிட்காயினுக்கு மேல் இயங்கும் விரைவுப் பணம் செலுத்தும் வலையமைப்பு, பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பில்லின் தொடக்கத்தில் எல்என்பிசி என்பதற்குப் பிறகு எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் வரும். 500க்குப் பிறகு 'என்' (n) வந்தால் நானோ, அது 50 சடோஷி. யு என்றால் மைக்ரோ, 50,000 சடோஷி. எம் என்றால் மில்லி, அரை பிட்காயின்! வாலட் அதைப் பிரித்துக் காட்டும், ஆனால் அது காட்டும் அலகு எது என்று படித்துவிட்டுச் சம்மதம் கொடுங்கள். எத்தீரியம் வலையமைப்பின் நாணயமான ஈதரிலும் இதே தொல்லைதான். ஒரு ஈதர் 100 கோடி க்வெய், ஒரு க்வெய் 100 கோடி வெய்.

இருப்பைப் பிட்டில் காட்டி, கட்டணத்தை அலகு இல்லாமல் வெறும் எண்ணாகப் போட்டிருக்கும் தளத்தில் உங்கள் பணம் இருந்தால், எடுப்பதற்கு முன் காட்சி அலகை ஒருமுறை சடோஷிக்கு மாற்றிப் பாருங்கள். இருப்பு மாறி, கட்டணம் மட்டும் அதே 0.5 ஆக நின்றால் அழுத்தாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்த எண் எந்த அலகு என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்று காலையும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 0.5 அங்கேயே இருக்கிறது, பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.